ஒரு பைக்கு நாலு முனை

எங்கள் தெருவில் யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை. திருத்தங்கலில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாற்பது வீடுகள். நாற்பதிலும் யாராவது ஒருவர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர், இல்லையென்றால் முன்னால் போய்க்கொண்டிருந்தவர். புருஷன் பெண்டாட்டிச் சண்டை வராத வீடு கிடையாது. ஆனால் சண்டையில் வாய் மட்டும்தான் பேசும், பாத்திரம் பேசாது. கோபத்தில் தட்டைத் தூக்கி எறிகிற ஆளை இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூட இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது மாதிரித்தான் தரையில் இறக்குவார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் என்ன அமைதியான ஜனங்கள் என்று மெச்சிவிட்டுப் போவார்கள். அமைதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் கம்பெனிப் பழக்கம்.

நான் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன். பெயர் சின்னச்சாமி. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். முப்பது வருஷமாக அடுத்தவர் தப்பைத் தேடியே சம்பளம் வாங்குகிறேன். அதனால் யார் மேலும் எனக்கு லேசில் நல்ல அபிப்பிராயம் வராது. என் வாயால் நல்ல பெயர் வாங்கிய இரண்டு மூன்று பேரில் பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வியும் ஒருத்தி. அவள் ஒரு பை தைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பாண்டிச்செல்விக்கு நாற்பத்தொரு வயது. தாயில்பட்டிப் பக்கம் பிறந்தவள். அப்பா அம்மா இருவரும் மானாவாரிக் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்கள். மழை ஏமாற்ற ஏமாற்றக் காட்டு வேலை குறைந்து, குடும்பமே தீப்பெட்டி வேலைக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டிக்கு அட்டை ஒட்டிய பிள்ளை அவள். பத்தொன்பது வயதில் வேலுச்சாமியைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். வேலுச்சாமி லோடுமேன், லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். வந்த மூன்றாம் மாதமே இவளும் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். இருபது வருஷம். முதலில் திரி செருகினாள், பிறகு சரம் பின்னினாள். கடைசி எட்டு வருஷம் மருந்து செலுத்துகிற அறை.

அந்த அறை பெரிதாக ஒன்றும் இருக்காது. நாலு பக்கமும் வாசல் வைத்த ஒரு சின்னக் கட்டடம். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் மின்சாரம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் இறங்கிவிடட்டும் என்று அதை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். கொலுசு, வளையல், கொண்டை ஊசி கிடையாது. பருத்திச் சேலைதான். உள்ளே நாலே நாலு சட்டம்: உரசாதே, தட்டாதே, இழுக்காதே, கீழே போடாதே. போர்மேன் பெத்தணன் தினமும் காலையில் இதை நாலு முறை சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். பாண்டிச்செல்வியின் மூளைக்கு முன்னால் அவள் கை அதைப் படித்துக்கொண்டது. "செல்வி கை பட்டா மருந்துக்கே தெரியாது" என்று பெத்தணன் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்துப் பகலில் அவளுக்கு அடுத்த அறை வெடித்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி பத்திரகாளி, எங்கள் எதிர்வீட்டு அருணாதேவியின் கூடப் பிறந்த தங்கச்சி. பாண்டிச்செல்வியும் பத்திரகாளியும் ஒரே தூக்குச்சட்டியில் பாதிப் பாதி சாப்பிட்டவர்கள். அன்றைக்குப் பாண்டிச்செல்வி தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்ததால் வலது கை முழங்கை வரை வெந்ததோடு தப்பினாள். காரணம் உராய்வு என்று எழுதி மூடினார்கள். நான் படித்த விபத்துச் செய்திகளில் பாதிக்கு மேல் காரணம் உராய்வுதான். உராய்வுக்கு ஊரும் கிடையாது, அப்பன் பெயரும் கிடையாது. அதைக் கூட்டி வந்து நிறுத்தி ஏன் இப்படிச் செய்தாய் என்று யாரும் கேட்க முடியாது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வரும்.

கை ஆறியபின் மகளிர் குழுவில் மூன்று மாதத் தையல் வகுப்புக்குப் போனாள். காலால் மிதிக்கிற மெஷின் ஒன்றும் கிடைத்தது. ஜாக்கெட் அவளுக்குக் கடைசி வரை சரியாக வரவில்லை. நைட்டி, பாவாடை, தலையணை உறை நன்றாக வந்தது. மெஷின் பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம் இருக்கும். உட்காரும் முன்னால் அதை உள்ளங்கையால் தொட்டுவிட்டு உட்காருவாள். ஒருநாள் ஏனென்று கேட்டேன். "தொட்டேனாண்ணே? தெரியலையே" என்றாள். கத்தரிக்கோலை மேசையில் வைத்தால் சத்தம் வராது. மெஷின் ஓடுவதுகூடத் தெருவுக்குக் கேட்காது, அவ்வளவு மெதுவாக மிதிப்பாள்.

இந்த வருஷம் நிலைமை மாறியது. வேலுச்சாமிக்கு முழங்கால் தேய்ந்து லோடு தூக்க முடியாமல் போனது. ஒரு குடோனில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். நைட்டியை நம்பி வீடு ஓடாது என்று இருவருக்கும் தெரியும். விபத்துக்குப் பிறகு அடைத்துக் கிடந்த கம்பெனியும் திறந்தது. ஆடி பிறந்ததும் பெத்தணன் பைக்கில் வந்து வாசலில் நின்றார்.

"வாங்கண்ணாச்சி, உக்காருங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

"உக்கார நேரமில்லத்தா. சீசன் வந்துருச்சு, மருந்து செலுத்தக் கை இல்ல. இப்ப வர்ற பிள்ளைக கையெல்லாம் உலக்கை மாதிரி இருக்கு. ஒனக்குத்தான் ஆறிருச்சுல்ல?"

"ஆறிருச்சு."

"அப்பப் பெறகென்ன? அடுத்த வாரம் போக அதுக்கடுத்த திங்கக்கெழமை வேன் வரும். ஏறிரு. மாமங்காரன் வேலுச்சாமி காலும் இப்படி இருக்கு."

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். பைக் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற குட்டைச் சுவர் பக்கம் வந்தாள். நான் அப்போது துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நான் அங்கன போகமாட்டேன். போனேன்னா செத்துப் போவேன். வெடிச்சு இல்லண்ணே, பயந்தே செத்துப் போவேன்."

"வேலுச்சாமிகிட்டச் சொன்னியா?"

"அவுகளே நடக்க முடியாம நடக்காக. எந்த வாயால சொல்ல?"

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. சரி, பார்ப்போம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரமே ஒரு வழி கிடைத்தது. எங்கள் அச்சக முதலாளி ராஜபாண்டியனின் மகள் சுகிர்தாவுக்கு ஆவணியில் கல்யாணம். தாம்பூலப் பை வழக்கமான மஞ்சள் பையாக இருக்கக் கூடாது, கேன்வாஸ் துணியில் தோளில் மாட்டுகிற பையாக இருக்க வேண்டும் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றாள். முன்னூறு பை. படம் எங்கள் அச்சகத்திலேயே அடித்துக்கொள்ளலாம், தைக்கத்தான் ஆள் வேண்டும். பத்திரிகை புரூப்பை வீட்டில் காட்டப் போனபோது முதலாளியின் மனைவி சொர்ணலட்சுமி என்னிடம் கேட்டார். யோசிக்காமல் பாண்டிச்செல்வி பெயரைச் சொன்னேன். முதலாளிக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஜவுளிக் கடைக்காரர்களுக்கு இனிமேல் காலண்டரோடு இந்த மாதிரிப் பையும் அடித்துக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இது நன்றாக வந்தால் அந்த வேலையும் வருஷம் முழுக்க அவளுக்கே வரும்.

"மொதல்ல ஒரு பை தைச்சுக் கொண்டாரச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் சொர்ணலட்சுமி.

ஈரோட்டிலிருந்து வந்த துணியில் மூன்று கெஜம் வாங்கிக் கொடுத்தேன். இந்தப் பை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. துணியை முதலில் தண்ணீரில் அலசிக் காயப் போட வேண்டும், இல்லையென்றால் பிறகு சுருங்கும். முப்பத்துமூன்று இஞ்ச் நீளம், பதினாறு இஞ்ச் அகலம் வெட்டி, குறுக்கே இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் தையல் ஓட்டினால் பை. வாயை இரண்டு தடவை மடித்துத் தைக்க வேண்டும். பிறகு காது. பையின் காது என்பது தோளில் மாட்டுகிற வார். நாலு இஞ்ச் அகலத்தில் வெட்டிய பட்டையை நாலாக மடித்துத் தைத்தால் ஒரு இஞ்ச் வார் கிடைக்கும். அதன் முனையை வாய் மடிப்புக்குள் செருகி, ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே தைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு பைக்கு இரண்டு காது, நாலு முனை.

அந்த நாலு முனையில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். காது நாலு மடிப்பு, வாய் மூன்று மடிப்பு, ஆக ஏழு. கேன்வாஸ் ஏழு மடிப்பு சேர்ந்தால் செருப்புத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். ஊசி ஒன்று ஒடிந்தது, இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவது ஊசியைக் காப்பாற்ற, காதின் முனையை மட்டும் பிரித்து இரண்டு மடிப்பாக்கி மேலோட்டமாக ஒட்டவைத்துத் தைத்தாள். நூலையும் இழுத்துக் கட்டவில்லை. சரம் பின்னுகிறவர்கள் நூலை வெடுக்கென்று இழுக்கமாட்டார்கள். சுற்றி, நழுவாத அளவுக்கு விட்டுவிடுவார்கள். இவள் முடிச்சும் அப்படித்தான் இருந்தது.

எனக்கு அது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பையைக் கொடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையல் அச்சுக் கோடு மாதிரி நேராக இருந்தது. முப்பது வருஷம் கண்ணால் பார்த்தே பழகியவன், கையால் இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சொர்ணலட்சுமி கண்ணால் பார்க்கிற ஆள் இல்லை. பைக்குள் இரண்டு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு எவர்சில்வர் டப்பா எல்லாவற்றையும் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு ஹாலிலிருந்து அடுப்படிக்கு நடந்தார். திரும்பி வரும்போது காது கழன்றது. தேங்காய் தரையில் விழுந்து உடைந்து தண்ணீர் என் கால் வரைக்கும் வந்தது.

அவர் கத்தவில்லை. துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே பேசினார். "கல்யாண மண்டபத்து வாசல் தாண்டுறதுக்குள்ள பை அந்துச்சுன்னா சம்பந்தகாரவுக மூஞ்சில எப்படி முழிக்க? சாத்தூர்ல ஒரு ஆள் பெரிய மெஷின் வச்சிருக்காராம். திங்கக்கெழமை துணிய அங்க அனுப்பிருவோம்னு எங்க வீட்டுக்காரவுக சொல்றாக."

"இன்னொரு தடவ பாருங்கம்மா" என்றேன். கெஞ்சுகிற குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீங்க சொல்றதுனால பாக்கேன். ஞாயித்துக்கெழம சாயந்திரத்துக்குள்ள கொண்டாந்துருங்க."

பெத்தணனின் வேன் வருகிற நாளும் அதே திங்கட்கிழமைதான்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் ஆட்டோ சீட்டு தைக்கிற சங்கிலிமுத்துவின் கடைக்குப் போனேன். அவர் பையைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டார். "பதினெட்டாம் நம்பர் ஊசி போடுங்கம்மா. முனையப் பிரிக்காதீக, ஏழு மடிப்பும் இருக்கட்டும். தைக்கிறதுக்கு முன்னால சுத்தியலால மூணு போடு போட்டீகன்னா துணி படுத்துரும். ஊசி வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்கும். இங்கன பாருங்க." மடித்த ரெக்சினை இரும்புக் கட்டையில் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். திரும்பிப் பார்த்தால் பாண்டிச்செல்வி கடையில் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜவுளிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சங்கிலிமுத்து என்னைப் பார்த்தார். திருத்தங்கல்காரர், விளக்கம் கேட்கவில்லை. "எங்கிட்ட ரெண்டு கெடக்கு. இதக் கொண்டு போங்க" என்று சுத்தியலை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார்.

அந்தச் சுத்தியல் சுற்றிய துணியோடு அலமாரிக்கு மேலே போய் உட்கார்ந்தது. புதிய பையின் உடம்பையும் காதையும் சனிக்கிழமையே தைத்துவிட்டாள். நாலு முனை மட்டும் பாக்கி. அம்மிக் குழவியை அவற்றின் மேல் ஏற்றி வைத்தாள். ஈரத் துணி போட்டு இஸ்திரி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலுச்சாமியையே அரை மணி நேரம் அதன் மேல் உட்காரவைத்தாள். எதற்கு என்று கேட்காமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒன்றும் பலிக்கவில்லை. சங்கிலிமுத்து சொன்ன பதினெட்டாம் நம்பர் ஊசியிலும் ஒன்று ஒடிந்தது. கையில் இருந்தது இன்னும் ஒன்று.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கொண்டா, நான் அடிச்சுத் தாரேன்" என்று சுத்தியலை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பைக்கு நாலு மொன. முன்னூறு பை. இன்னைக்கு நீங்க அடிப்பீக. நாளைக்கு யாருண்ணே அடிப்பா?"

சுத்தியலை அவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

மூன்று மணி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டது. காதால் கேட்டதை விடத் தரையில் கேட்டது அதிகம். முதுகுக்குக் கீழே பாய் அதிர்ந்தது. எழுந்து வெளியே ஓடினேன். நான் வாசலுக்கு வருவதற்குள் தெருவில் எல்லோரும் நின்றார்கள். கையில் சோற்றோடு ஒருவர், தலையில் சோப்பு நுரையோடு ஒருத்தி. எல்லோரும் கம்பெனிகள் இருக்கிற தெற்குப் பக்கம் வானத்தைப் பார்த்தார்கள். புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கம்பெனி என்று தெரியும், எந்தக் கம்பெனி என்று தெரிந்தால்தான் யார் வீட்டுக்கு ஓடுவது என்று தெரியும். இரண்டு பெண்கள் போனில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

இரண்டாவது சத்தம் கேட்டது. அருணாதேவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கனதான்! செல்வி வீட்டுலதான்!" என்று யாரோ சொன்னார்கள்.

கதவு திறந்துதான் கிடந்தது. அந்த வீட்டில் மேடு பள்ளம் இல்லாத இடம் என்றால் தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டியை மூடியிருக்கிற கல்தான். குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது, தொட்டி வெறுமையாகக் கிடந்தது. அதன் மேல் பையைப் பரப்பி, ஏழு மடிப்பு முனையை நடுவில் வைத்து, பாண்டிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். வலது கையில் சுத்தியல். இடது உள்ளங்கை பக்கத்தில் இருந்த பித்தளைக் குடத்தை அழுத்திப் பிடித்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக் கை காலியாக இல்லை. வெறும் தொட்டிக்கு மேல் அடித்தால் தெருவே அதிரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அடிப்பதைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

"கிறுக்காடி பிடிச்சிருக்கு ஒனக்கு?" அருணாதேவி வாசலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஈரக்கொலையே அந்துபோச்சேடி! எந்தங்கச்சி காளி போன அன்னைக்கும் இதே சத்தந்தானடி! ஒரு வார்த்த சொல்லிட்டு அடிச்சா என்னடி?"

"எனக்கு மட்டும் பயமில்லையா மதினி?" பாண்டிச்செல்வி இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. "ஒவ்வொரு தடவ ஓங்கும்போதும் காளி மூஞ்சிதான் தெரியுது. இத அடிக்கலன்னா நாளைக்கு அந்த வேன்ல ஏறணும். என்னால முடியாது மதினி. சத்தியமா முடியாது."

கூட்டத்துக்குப் பின்னால் வேலுச்சாமி நின்றுகொண்டிருந்தார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லத்தா" என்றார்.

அருணாதேவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு உள்ளே வந்து, தொட்டிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டு அடி" என்றாள்.

"அடிக்கப் போறேன்."

"அடி."

சுத்தியல் இறங்கியது. வாசலில் நின்ற அத்தனை பேர் தோளும் ஒரு குலுக்குக் குலுங்கியது, என்னுடையதும்தான். ஆனால் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. "அடிக்கப் போறேன்" என்றாள் மறுபடியும். இந்த முறை வாசலிலிருந்து நாலைந்து குரல் சேர்ந்து "அடி" என்றது. நாலாவது முனைக்கு வரும்போது தலையில் சோப்பு நுரையோடு வந்தவள் குளிக்கப் போய்விட்டாள்.

கடைசி ஊசி ஏழு மடிப்பிலும் இறங்கி ஏறியது. சக்கரத்தைக் கையால் திருப்பித் திருப்பி, கட்டமும் குறுக்குத் தையலும் போட்டாள். முடிவில் நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள். நூல் தோலில் பதிந்து கோடு விழுந்தது. அந்த விரலை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் சொர்ணலட்சுமி இந்தமுறை மூன்று தேங்காய் போட்டு அடுப்படிக் கதவுத் தாழ்ப்பாளில் பையை மாட்டினார். விளக்கேற்றி, பூஜை முடித்து, சுகிர்தாவை இரண்டு தரம் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்து பார்த்தார். காதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கடைசியில் கட்டத் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"அன்னைக்குத் தைச்ச அதே பொம்பளையா?"

"அதே கைதாம்மா" என்றேன்.

முதல் பத்துப் பைக்கான துணியை அப்போதே என் பைக்கில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. பெண்கள் தூக்குச்சட்டியோடு நடந்து போனார்கள். அருணாதேவியும் போனாள். தங்கச்சியைக் கொடுத்துவிட்டு இன்னும் அங்கேயே போகிறாளே என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். அவளுக்கு மூன்று பிள்ளைகள், தையல் மெஷின் கிடையாது. அவ்வளவுதான் பதில்.

பெத்தணன் பைக்கை எங்கள் வீட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தார். "என்ன சின்னச்சாமி, செல்வி கெளம்பலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடிக்கப் போறேன்!"

அருணாதேவி ஒரு காலை வேன் படியில் வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "அடி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டு உள்ளே ஏறினாள். சத்தம் வந்தது. பெத்தணன் கை பைக்கை விட்டு நெஞ்சுக்குப் போனது, கண் தெற்கு வானத்துக்குப் போனது. வேனுக்குள் உட்கார்ந்திருந்த ஒருத்தியும் திரும்பவில்லை.

"என்னய்யா அது?" என்றார் பெத்தணன்.

"பை தைக்கிறா" என்றேன்.

அவர் செல்வி வீட்டு வாசலைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பைக்கைத் திருப்பிக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனார். இரண்டும் தண்டவாளத்தைத் தாண்டி மறைந்தன. தெருவில் நானும் இரண்டு நாய்களும்தான் மிச்சம்.

"அடிக்கப் போறேன்!" என்றாள் பாண்டிச்செல்வி உள்ளேயிருந்து.

பதில் வரவில்லை. சுத்தியலும் இறங்கவில்லை. அவள் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அடி, ஆத்தா" என்றேன்.